தாம்பாளத்துப் பேர்

வாங்க, வாங்க. நீங்கதானுங்களா நேத்து போன்ல பேசுனது? சரவணம்பட்டிப் பக்கம், அப்பார்ட்மென்ட் செகரட்டரி? உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இல்லீங்க, இல்லீங்க, அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. இப்படி, என்னையாட்டம், சுவத்தப் பாத்து. ஆமாங்க, நீச்சல் குளம் நம்ம முதுகுக்குப் பின்னாலதான் இருக்குது. ஆனா காலைல ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் லேடீஸ் டைமுங்க. நீங்க தண்ணியப் பாக்கறதுக்குத்தான் இத்தனை தூரம் வந்திருக்கீங்க, எனக்குத் தெரியுது. என்ன பண்றது, எட்டு மணி வரைக்கும் சுவத்தத்தான் பாத்தாகணும்.

சளக் சளக்குன்னு சத்தம் கேக்குதுங்களா? நாலு பேரு தண்ணிக்குள்ள நடக்கறாங்க. அதுல என்ற சம்சாரமும் ஒண்ணு. அவ ஏறி வந்தா குடுக்கறதுக்குத்தான் இந்தத் துண்டும் கைத்தடியும் மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறேன்.

சுவத்துல ஒரு நோட்டீசு ஒட்டியிருக்குது பாருங்க. நாம பாக்கறதுக்கு இப்போதைக்கு இதொண்ணுதான் இருக்குது. நாலாவது விதியப் படிங்க. "பெண்கள் நேரத்தில் ஆண்கள் எவரும் குளத்தை நோக்கி நிற்கவோ உட்காரவோ கூடாது. இதில் சங்க நிர்வாகிகளுக்கும் விலக்கு இல்லை." கீழ கையெழுத்து யாருது? சி. மாரப்பன், செயலாளர். நான்தானுங்க. நானே எழுதி, நானே ஜெராக்ஸ் எடுத்து, நானே பசை தடவி ஒட்டுனது. அந்தக் கடைசி வரி இருக்குதுங்களே, நிர்வாகிகளுக்கும் விலக்கு இல்லைன்னு, அத யாரும் கேக்கலீங்க. நானாத்தான் சேத்துனேன். எழுதறப்ப அது நெம்ப கம்பீரமா இருந்துது.

உங்களுக்கு வேண்டியது ஃபார்முலா. பச்சையா பாசி புடிச்சுக் கெடக்கற தண்ணிய எப்படி மாரப்பன் வாத்தியார் கண்ணாடியாட்டம் ஆக்குனாருன்னு தெரியணும். சொல்றனுங்க. எட்டாக இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. ஆனா ஒண்ணு, கேட்டுட்டு சிரிக்கப்படாது. சிரிச்சாலும் பரவால்ல, வெளிய போயி சொல்லப்படாது.

நான் முப்பத்தொரு வருசம் பன்னெண்டாம் வகுப்புக்கு கெமிஸ்ட்ரி எடுத்தவனுங்க. டைட்ரேசன்னு ஒண்ணு இருக்குது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேல பியூரெட், கீழ குடுவை, சொட்டுச் சொட்டா ஊத்தி, கலர் மாறுற அந்த ஒரு சொட்டுல நிறுத்தணும். அந்தச் சொட்டக் கண்டுபுடிக்கறதுல என்ற கண்ணுக்கு ஜில்லாவுலயே பேருங்க. பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க கூட குடுவையத் தூக்கிட்டு வந்து, "மாரப்பன், இது மாறிருச்சா?"ன்னு கேப்பாங்க. "கண்ணால பாத்தத மட்டும் ரெக்கார்டு நோட்டுல எழுதுங்கடா"ன்னு பசங்ககிட்டத் தெனமும் சொல்லுவேன். அந்தக் கண்ணோடதான் ரிட்டயர்டாகி இந்த அப்பார்ட்மென்ட்டுக்குக் குடி வந்தேன்.

இங்க நாப்பத்தெட்டு வீடு. நடுவுல இந்தக் குளம். பில்டர் கட்டிக் குடுத்து ரெண்டு வருசம் பசங்க குதிச்சாங்க, அப்பறம் கொரோனா வந்துது, பூட்டுனாங்க, பூட்டுனது பூட்டுனதுதான். நாலு வருசம். பச்சைன்னா சாதாரணப் பச்சை இல்லீங்க. முருங்கைக்கீரையை அரைச்சு ஊத்துனாப்ல. தவளை, கொசு, மூணு செருப்பு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலி எப்படி உள்ள போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் ஒத்துக்கலை.

ஆனி ஒண்ணாந்தேதி ஜெனரல் பாடி மீட்டிங். வெள்ளியங்கிரின்னு ஒருத்தரு எந்திரிச்சாரு. லேத் பட்டறை வெச்சிருந்தவரு, சி பிளாக், அவருக்கு ரெண்டு காரு, நிறுத்த எடம் ஒண்ணு. "அந்தக் குட்டையில மண்ணக் கொட்டி மூடிப்போட்டா நாலு காரு நிறுத்தலாமுங்க"ன்னாரு. எல்லாரும் தலையாட்டுனாங்க. நானும் தலையாட்டப் போனேனுங்க, நெசமாலுமே. அப்ப பக்கத்துல உக்காந்திருந்த தெய்வானை என்ற சட்டையப் புடிச்சு இழுத்தா.

தெய்வானைதான் என்ற சம்சாரம். அவளுக்கு ரெண்டு மூட்டும் தேஞ்சு போச்சுங்க. அதுக்கு முந்தின வாரந்தான் டாக்டர் சொல்லியிருந்தாரு, நெஞ்சளவு தண்ணிக்குள்ள தெனம் அரை மணி நேரம் நடங்க, தண்ணி ஒடம்புக் கனத்தத் தாங்கிக்கும், மூட்டுக்கு வேலை கெடைக்கும், வலி தெரியாது, மூணு மாசம் பாப்போம், இல்லீன்னா ஆபரேசன்னு. ஆபரேசன்னா அவளுக்கு அப்படி ஒரு பயம். அவ அக்காவுக்கு மூட்டு ஆபரேசன் பண்ணி, என்னமோ கோளாறாகி, ரெண்டு வருசம் கட்டிலோட கெடந்தாங்க. அதப் பக்கத்துல இருந்து பாத்தவ. நம்ம பக்கத்துல பொம்பளைங்க எறங்கற மாதிரி தண்ணி எங்கிருக்குது சொல்லுங்க? இருக்கறது இந்தப் பச்சைக் குட்டைதான்.

அவ சட்டைய இழுத்தது, "மூட வேண்டாம்னு சொல்லுங்க"ன்னு. நான் எந்திரிச்சு அத மட்டும் சொல்லிட்டு உக்காந்திருக்கலாம். ஆனா மைக் கையில வந்துருச்சுங்களே. முப்பத்தொரு வருசம் பேசுன வாயி. "ஒரு சொட்டுத் தண்ணி வெளிய எறைக்காம, கெமிஸ்ட்ரியை மட்டும் வெச்சு, ஆடிப் பதினெட்டுக்குள்ள இந்தக் குளத்தோட அடிய நான் உங்களுக்குக் காட்டறேன்"னு சொல்லிப்போட்டேன். வெள்ளியங்கிரி கேட்டாரு, "அடி தெரியுதுன்னு எப்படிங்க வாத்தியாரே முடிவு பண்றது? நீங்க தெரியுதும்பீங்க, நான் தெரியலம்பேன்." நியாயமான கேள்விதானுங்க, அவரு அளவெடுக்கற தொழில்ல இருந்தவரு. அப்பத்தான் எனக்குத் தாம்பாளம் யோசனை வந்துது.

எங்க கல்யாணச் சீருல வந்த எவர்சில்வர் தாம்பாளம் ஒண்ணு இருக்குதுங்க. அவங்கப்பா கடைக்காரன்கிட்டச் சொல்லி, கட்டை விரல் அகலத்துக்கு எழுத்து வெட்டிக் குடுத்தாரு. "ரா. தெய்வானை, 4.6.84." அந்தத் தாம்பாளத்த அஞ்சடி ஆழத்துல போட்டுடறது. மேல நின்னு பேரும் தேதியும் படிக்க முடிஞ்சா குளம் பொழச்சுது. முடியலீன்னா மண்ணு. யாரு படிக்கோணும்? வெள்ளியங்கிரியே படிக்கட்டும். மினிட்ஸ் நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

ஊட்டுக்கு வந்ததும் தாம்பாளத்த எடுத்து, எழுத்து நல்லாத் தெரியட்டும்னு கருப்புப் பெயிண்ட் தடவுனேன். தெய்வானை பாத்துட்டு, "ஏனுங்க, என்னையக் கேட்டிருக்கலாமுல்ல"ன்னா. "உனக்காகத்தான இத்தனையும்"ன்னேன். அந்த வார்த்தைய இந்தக் கதையில நான் நாலஞ்சு தடவை சொல்லுவனுங்க. எண்ணிக்கோங்க.

வேலைய ஆரம்பிச்சேன். வாட்ச்மேனும் நானும் கொசுவலையக் கட்டி இழுத்து நாற்காலி, செருப்பு, பாசி எல்லாத்தையும் கரையேத்துனோம். பத்து மீட்டர் நீளம், அஞ்சு மீட்டர் அகலம், சராசரி ஆழம் இவ்வளவு, ஆகக்கூடி அறுபத்தஞ்சாயிரம் லிட்டர், அதுக்கு பிளீச்சிங் பவுடர் இத்தனை கிலோன்னு நோட்டீஸ் போர்டுல கணக்குப் போட்டு எழுதி வெச்சேன். போறவங்க வர்றவங்க எல்லாம் பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தருக்கும் புரிஞ்சிருக்காது, அதுல எனக்கு ஒரு திருப்தி. மொத நாளு நட்டநடு மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பவுடரக் கரைச்சு ஊத்துனேன். எல்லாரும் மாடியில நின்னு பாக்கோணுமே, அதுக்காக. வெய்யில்ல குளோரின் நிக்காதுங்க. நாலு மணிக்குள்ள இல்லாமப் போயிருச்சு. இத நான் பாடமே எடுத்திருக்கறேன். மறுக்கா வெய்யத்தாழ, பொழுது எறங்குனப்பறம் ஊத்துனேன்.

விடிஞ்சு போயிப் பாத்தா பச்சை போச்சுங்க. சுத்தமாப் போச்சு. ஆனா தண்ணி டீக்கலருல நிக்குது. பால் ஊத்தாத டீ. எனக்கு ஒண்ணும் ஓடல. வெள்ளியங்கிரி பல் வெளக்கிட்டே வந்து எட்டிப் பாத்துட்டு, "சக்கரை போட்டுட்டீங்களா வாத்தியாரே?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. ரெண்டு நாளு தலையப் பிச்சுக்கிட்டேன். கடைசியில தெய்வானைதான் சொன்னா: "ஏனுங்க, நம்ம போர் தண்ணி பக்கெட்டுல நின்னாச் செங்காவியாத்தானுங்க ஆகுது. அதே தண்ணிதான இதுவும்?" இரும்புங்க! போர் தண்ணியில இரும்பு. குளோரினக் கண்டா துருப் புடிக்கும். ரெண்டு மார்க் கேள்விங்க அது. முப்பத்தொரு வருசம் ரெண்டு ரெண்டு மார்க்கா எத்தனை ஆயிரம் மார்க்கு போட்டிருப்பேன்! நோட்டீஸ் போர்டுல நான் எழுதுனத சாயங்காலமே அழிச்சுட்டேன்.

அப்பறம் படிகாரம் வாங்கிக் கரைச்சு விட்டேன். மூணு நாளு அசைக்காம விட்டா, செவப்புச் சேறெல்லாம் அடியில படிஞ்சுது. அத ஹோஸ் வெச்சு உறிஞ்சி எடுத்தோம். ஒரு சொட்டுக் கூட வெளிய எறைக்க மாட்டேன்னு சொன்னனுங்களா, ஒரு ரெண்டாயிரம் மூவாயிரம் லிட்டரு போயிருக்கும். அத யாரும் கேக்கல, நானும் சொல்லல. ஃபில்டருல இருந்த பழைய மணல வாரிப்போட்டுப் புது மணல் போட்டோம். மோட்டார் ஓடுனா கீச்சு கீச்சுன்னு ஒரே சத்தம். ரெண்டாவது நாளு வெள்ளியங்கிரி ஸ்பேனரத் தூக்கிட்டு வந்துட்டாரு. "பேரிங் போயிருக்குதுங்க. இந்தச் சத்தத்தக் கேட்டுட்டு என்னால சோறு திங்க முடியல"ன்னு கழட்டி மாட்டிக் குடுத்துட்டு, "ஆனா மண்ணு லாரிக்கு சொல்லி வெச்சுட்டேன், பாத்துக்கோங்க"ன்னுட்டுப் போனாரு. அப்படியாப்பட்ட ஆளு.

ஆனி கடைசி வாரத்துக்குள்ள இவ்வளவும் முடிஞ்சுது. மோட்டார் ஓடுது, ஃபில்டர் ஓடுது. தாம்பாளத்துல கயிறு கட்டி எறக்கி, தெனமும் காலைல ஆறரைக்கு நான் வந்து பாப்பேன். டீக்கலரு. ஒரு நாளப் போல டீக்கலரு. மொதல்ல ஸ்ட்ராங் டீ, அப்பறம் லைட் டீ, அதுக்கு மேல ஒரு அடி நகர மாட்டேங்குது. தாம்பாளம் ஒரு சாடையா வட்டமாத் தெரியும். எழுத்து? ஈ மொய்ச்சாப்ல இருக்கும்.

தெய்வானை ஒரு நாளு காபி எடுத்துட்டுக் கம்பியப் புடிச்சுப் புடிச்சு வந்தா. எட்டிப் பாத்தா. "ஏனுங்க, பேர் தெரியுதுங்க. தேதி கூடத் தெரியுது"ன்னா.

"உன்ற பேரு உனக்குத் தெரியாதா? கல்யாணத் தேதியும் உனக்கு மனப்பாடம். இது சோதனை இல்ல தெய்வானை, ஞாபக சக்தி"ன்னேன்.

"இல்லீங்க, நல்லாவே தெரியுது. நான் எறங்கட்டுங்களா?"

"பொறு. நான் பாத்தாத்தான் பாத்தது. கலங்கல் தண்ணியில எறங்கி ஒடம்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? உனக்காகத்தான இத்தனையும்."

எண்ணுறீங்களா? ரெண்டு.

வாட்ச்மேனக் கேட்டேன். "தெரியுது சார்"ன்னான். செகரட்டரி மனசு நோகப்படாதுன்னு சொல்றான்னு நெனச்சேன். தண்ணியச் சோதிக்கற டப்பா ஒண்ணு விக்கறாங்க பாருங்க, ரெண்டு சொட்டு மருந்து விட்டா கலர் மாறும், அட்டையோட ஒப்பிட்டுப் பாக்கோணும். எனக்கு எந்தக் கலரும் அட்டையோட ஒத்து வரல. கம்பெனி மோசம்னு தூக்கிப் போட்டுட்டு வேற டப்பா வாங்குனேன். அதுவும் மோசம். மூணு டப்பா மோசம். அந்த வருசம் எல்லாமே மோசமாப் போயிருந்துதுங்க. பேப்பருல மை கம்மியா அடிக்க ஆரம்பிச்சிருந்தாங்க. எதுக்க வர்ற வண்டிக்காரன் ஒருத்தனும் லைட்ட டிம் பண்றதில்ல, மூஞ்சியிலயே அடிக்கறான். மாடிப்படியக் கட்டுன கொத்தனாரு கடைசிப் படிய மட்டும் ஒசரம் மாத்திக் கட்டியிருக்கான், ஆறு வருசமா எனக்கே தெரியாம. ரெண்டு தடவை தடுக்குனேன். பில்டருக்கு லெட்டர் கூடப் போட்டேன்.

உங்களுக்குப் புரிஞ்சுருச்சு, மொகத்தப் பாத்தாலே தெரியுது. எனக்குப் புரியலீங்களே.

தண்ணி தெளியலீன்னா என்ன பண்ணுவோம்? இன்னும் போடுவோம். பிளீச்சிங், படிகாரம், பிளீச்சிங், படிகாரம். கீழ் வீட்டுக்காரங்க கண்ணெரியுதுன்னு சொன்னாங்க. எனக்கும் கண்ணு ஒரு மாதிரி மங்கலா இருந்துது. குளோரின் வாடைதான் காரணம்னு நெனச்சுட்டு, ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டிக்கிட்டேன். பாத்துக்கோங்க, அந்தக் கண்ணுக்கு மேல கூலிங் கிளாஸ் வேற.

ஆடி பொறந்துது. தெய்வானைக்குக் கால் வீங்கிப் போச்சுங்க. ராத்திரி முச்சூடும் பொரண்டு பொரண்டு படுப்பா. தெனமும் காலைல ஒரு கேள்வி, "இன்னைக்கு எறங்கட்டுங்களா?" தெனமும் ஒரு பதில், "உனக்காகத்தான தெய்வானை, பொறு." ஒரு வாரத்துக்கப்பறம் அவ கேக்கறத நிறுத்திட்டா. சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன். ஆபரேசனுக்கு என்னிக்குன்னு டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லி அவளே தம்பிக்குப் போன் பண்ணுனது எனக்கு அப்பறந்தான் தெரியும்.

ஆடிப் பதினெட்டு. பத்து மணிக்கு நாப்பத்தெட்டு வீடும் கீழ எறங்கிருச்சு. நோம்பி நாளுங்களா, பொம்பளைங்க பட்டுப்பொடவை கட்டி, பூவும் மஞ்சளும் தட்டுல வெச்சுட்டு வந்திருந்தாங்க. ஆத்துக்குப் போறதுக்கு வெச்சிருந்தத இங்க எடுத்துட்டு வந்துட்டாங்களாம். அதப் பாத்தாச்சும் எனக்கு ஒறைச்சிருக்கோணும். டீத்தண்ணிக்கு யாராச்சும் பூவெடுத்துட்டு வருவாங்களா? நான் என்ன பண்ணுனேன்? "மஞ்சளத் தண்ணியில போட்டா பி.எச். மாறிடும், எல்லாரும் தள்ளி நில்லுங்க"ன்னு சத்தம் போட்டேன். உள்ளுக்குள்ள எனக்கு நிச்சயம், தோத்தாச்சு. விடியக்காலைல கூட வந்து பாத்தேன், ஒரு எழுத்து தெரியல.

வெள்ளியங்கிரி வந்தாரு. வேட்டிய மடிச்சுக் கட்டுனாரு. ரெண்டு கையையும் தொடையில ஊனிக் குனிஞ்சாரு. ஒரு மூச்சு விடற நேரங்கூட ஆகலீங்க.

"ரா. தெய்வானை. நாலு, ஆறு, எண்பத்தி நாலு." நிமிந்தாரு. "ஏனுங்க வாத்தியாரே, இது உங்க கல்யாணத் தேதிங்களா?"

எனக்கு வந்துது பாருங்க கோவம்! பேரும் தேதியும் மினிட்ஸ் நோட்டுலயே இருக்குது. மனப்பாடம் பண்ணிட்டு வந்து, எல்லாரு முன்னாலயும் என்னையக் கிண்டல் பண்றான்னு நெனச்சேன்.

"வெள்ளியங்கிரி, தெரியாததத் தெரியுதுன்னு சொல்லாதீங்க!"

"தெரியுதுங்க வாத்தியாரே."

"தெரியல! ஒரு எழுத்து தெரியல! டீயாட்டம் நிக்குது தண்ணி, அதுல என்ன தெரியும்? நான் தோத்துட்டேன். எனக்கு உங்க பரிதாபம் வேண்டாம். லாரியக் கூப்புடுங்க, மண்ணக் கொட்டுங்க!"

நாப்பத்தெட்டு வீடும் என்னையே பாத்துட்டு நிக்குது. வெள்ளியங்கிரி மெதுவாச் சொன்னாரு: "மண்ணக் கொட்டோணும்னு சொன்னவனே நான்தானுங்க. எனக்கு நாலு காரு நிறுத்தற எடம் போகுது. ஆனா தெரியறதத் தெரியலைன்னு எப்படிங்க சொல்றது?"

அப்ப தெய்வானை கூட்டத்த வெலக்கிட்டு வந்தா. அந்தக் கூலிங் கிளாசக் கழட்டுனா. உள்ளங்கையால என்ற வலது கண்ணப் பொத்துனா. "ஏனுங்க, அங்க நிக்கறது யாருங்க?"ன்னா.

"வெள்ளியங்கிரி, வேற யாரு"ன்னேன்.

"அது மோட்டார் ரூம் கதவுங்க."

கையை மாத்தி இடது கண்ணப் பொத்துனா. வலது கண்ணுக்கு எல்லாம் தெரிஞ்சுது, ஆனா டீக்கலருல. அவ பட்டுப்பொடவை டீக்கலரு, பொம்பளைங்க வெச்சிருந்த மல்லிகைப்பூ டீக்கலரு. அவ நெத்திக்கு மேல நரைச்ச முடியும் டீக்கலரு. அப்பத்தானுங்க எனக்கு ஒறைச்சுது. ரெண்டு கண்ணுலயும் புரை. தண்ணி தெளிஞ்சு இருவது நாளாச்சு. இருவது நாளா நான் மருந்து போட்டுட்டு இருந்தது என்ற கண்ணுக்கு.

கூட்டத்துல ஒருத்தன் சிரிக்க ஆரம்பிச்சான், அப்பறம் ரெண்டு பேரு. நானும் சிரிக்கத்தான் பாத்தேன். தெய்வானை சிரிக்கல.

"இருவது நாளா கரையிலயே நின்னேனுங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. சத்தங்கூடப் போடல. வெக்கமா இருந்துதுங்க. வெள்ளியங்கிரி முன்னாலயோ ஊரு முன்னாலயோ இல்ல, அவ முன்னால. உனக்காகத்தான், உனக்காகத்தான்னு சொல்லிச் சொல்லியே அவளைத் தண்ணிக்கு வெளிய நிறுத்தி வெச்சிருக்கறேன்.

அவ திரும்பி, கம்பியப் புடிச்சு, பட்டுப்பொடவையோட எறங்குனா. ஒரு படி. இன்னொரு படி. பொம்பளைங்க ரெண்டு பேரு புடிக்கப் போனாங்க, வேண்டாம்னுட்டா. இடுப்பு வரைக்கும், நெஞ்சு வரைக்கும். அப்பறம் கம்பிய விட்டுட்டு நடந்தா. எல்லாரும் அவ மொகத்தையே பாத்துட்டு நிக்கறாங்க. யாரோ பூவ எடுத்துத் தண்ணியில போட்டாங்க, நான் பி.எச். பேசல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் டீக்கலருல நகர்ற ஒரு உருவந்தானுங்க. வெள்ளியங்கிரி பக்கத்துல நின்னாரு. அவரு கையப் புடிச்சுட்டுக் கேட்டேன், "அவ மொகம் எப்படிங்க இருக்குது?"

"சிரிக்கறாங்க வாத்தியாரே"ன்னாரு. "நல்லாச் சிரிக்கறாங்க."

என்ற சம்சாரம் சிரிக்கறத நான் லேத் பட்டறைக்காரருகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேனுங்க.

அதுக்கப்பறம் என்ன, அவளுக்கு ஆபரேசன்னு இருந்தது எனக்கு ஆச்சு. ரெண்டு கண்ணும் முடிஞ்சுது, கடைசியாப் பண்ணி ஆறு வாரமாச்சு. அவதான் கூட்டிட்டுப் போனா, ரெண்டு மாடி எறங்கி, நடந்து. அவ மூட்டு பத்தி டாக்டர் இன்னும் ஆபரேசன் வேண்டாம்னு சொல்லலீங்க, ஆனா தேதி கேட்டா, "நடந்துட்டே இருங்க, பாக்கலாம்"ங்கறாரு. மொதக் கண்ணுக்குக் கட்டுப் பிரிச்ச அடுத்த நாளு மத்தியானம் வந்து குளத்த எட்டிப் பாத்தேன். அடியில டைல்ஸ் நீலமுங்க! நல்ல மயில் கழுத்து நீலம். ஆறு வருசமா அது சாம்பக் கலருன்னு நெனச்சுட்டு இருந்தேன். பேப்பருல மையெல்லாம் நல்லாத்தான் அடிக்கறாங்க. அந்தக் கடைசிப் படி மத்த படியாட்டமேதான் இருக்குது. பில்டருக்கு மன்னிப்பு லெட்டர் எழுதோணும், இன்னும் எழுதல.

ஃபார்முலா கேட்டீங்களே. பிளீச்சிங் எவ்வளவு, படிகாரம் எவ்வளவுன்னு எழுதி வெச்சிருக்கறேன், இந்தாங்க. வெய்யத்தாழ போடுங்க, மத்தியானம் போடாதீங்க. போர் தண்ணியா இருந்தா டீக்கலராகும், பயந்துக்காதீங்க. ஆனா அதுக்கெல்லாம் முன்னால ஒரு வேலை, கண்ணக் காமிச்சுட்டு வந்துருங்க. அப்பறம், ஊட்டுல எறங்கட்டுங்களான்னு கேட்டாங்கன்னா, எறங்க விட்டுருங்க.

என்னங்க? தண்ணிக்குள்ள அவ சிரிக்கற மொகத்தப் பாத்தனான்னா? இல்லீங்களே. அதத்தான சொல்ல வர்றேன். இவங்க நாலு பேரும் லேடீஸ் டைம்ல மட்டுந்தான் எறங்குவாங்க, மத்த நேரத்துல ஆம்பளைங்க, பசங்க. லேடீஸ் டைம்ல நான் பாக்கக் கூடாது. விதி நாலு. ஆபரேசனுக்குப் பத்து நாளு முன்னாலதான் எழுதி ஒட்டுனேன். மாத்தறதா இருந்தா ஜெனரல் பாடி கூட்டோணும், அங்க என்னன்னு காரணம் சொல்றது? ஆறு வாரமா ரெண்டு கண்ணும் பளிச்சுனு இருக்குது, தெனமும் காலைல இந்த நோட்டீசத்தான் படிச்சுட்டு இருக்கறேன். ஒரு எழுத்துப்பிழை கூட இருக்குது பாருங்க, ஒம்பதாவது விதியில. சத்தத்துல எது அவ நடைன்னு மட்டும் இப்ப கண்டுபுடிச்சுருவேன். இடது கால் கொஞ்சம் இழுத்து வரும். கேக்குதுங்களா? அதா, இப்ப. முன்னைக்கு இப்ப அந்த இழுவை கொறைஞ்சிருக்குது.

என்ன தெய்வான? இல்ல, எட்டாகல. இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குது. துண்டு கையிலதான் வெச்சிருக்கறேன். என்னது? அவங்க மூணு பேரும் ஏறிப் போயிட்டாங்களா? நீ மட்டுந்தான் இருக்கியா?

நானா? இப்பவா? ரெண்டு நிமிசந்தான, எட்டாகட்டுமே, விதின்னு ஒண்ணு... சரி, சரி. சத்தம் போடாத, சார் வந்திருக்காரு.

சார், ஒரு சின்ன ஒத்தாசைங்க. ரெண்டே நிமிசம். நீங்க மட்டும் அப்படியே சுவத்தப் பாத்துட்டு இருங்க. நோட்டீசு மேல இருந்து மறுக்கா ஒரு தடவை படிங்க, மொத்தம் பதினோரு விதி இருக்குது. நான் கொஞ்சம் திரும்பிக்கறனுங்க.